நள்ளிரவுப் பூசணியும் ஒரு பழைய பெயரும்

டோக்கியோவிலிருந்து மேற்கே போகும் 'ஹிகாரி' புல்லட் ரயிலில் வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலை முழுசாகத் தெரியும். அது கண்ணிலிருந்து மறைந்த கொஞ்ச நேரத்தில் ஷிசுவோகா வந்துவிடும். மொத்தம் ஒரு மணி நேரப் பயணம்தான். பச்சைத் தேயிலைக்குப் பேர்போன ஊர். கறுப்புக் குழம்பில் வெந்து, குச்சியில் குத்திய 'ஓடென்' மீது மீன் பொடி தூவித் தருவார்கள். அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

ஆனால் ஜப்பானியச் சிறுவர்களுக்கு, சிறுவர்களாக இருந்து நரைத்துப் போனவர்களுக்கும், இது பொம்மை மாடல்களின் தலைநகரம். தமியா, ஆவோஷிமா நிறுவனங்கள் பிறந்தது இங்கேதான். பண்டாய் நிறுவனத்தின் 'குண்டம்' ரோபோ மாடல்கள் தயாராவதும் இங்கேதான். ஊருக்குள் ஒரு தபால் பெட்டியையே மாடல் கிட் மாதிரி வைத்திருக்கிறார்கள். சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பாகங்களை ஒடித்து எடுத்து ஒட்டுவோமே, அதே வடிவில், ஆளுயரத்தில்! அதில் கடிதமும் போடலாம்.

இந்த ஊர் மாப்பிள்ளை ஒருவர். டோக்கியோவில் அலுவலக வேலை, வயது ஐம்பதை நெருங்குகிறது. மே மாத விடுமுறைக்கு மனைவி, மகளோடு மாமனார் வீட்டுக்கு வந்தவர், ஊர் எல்லையில் உள்ள செகண்ட் ஹேண்ட் கடைக்குச் சும்மா போனார். ஜப்பானில் இந்த மாதிரிக் கடைகளில் கடைசி வரிசையில் நீல நிறக் கூடைகள் இருக்கும். ஓடுமா, ஓடாதா என்று கடைக்காரரே சோதிக்காத சாமான்கள் அதில் கிடக்கும். வாங்கினால் வாங்கினதுதான், திருப்பித் தர முடியாது.

அந்தக் கூடையில் ஒயர்களுக்கு அடியில் ஒரு பெரிய சக்கரம் தெரிந்தது. இழுத்தால் முழு வண்டியே வந்தது. தமியாவின் 'மிட்நைட் பம்ப்கின்'. நள்ளிரவுப் பூசணி! 1987-ல் வந்த ரிமோட் கன்ட்ரோல் பிக்கப் டிரக். 1950-களின் அமெரிக்க வண்டி மாதிரி உருண்ட முகம், அதற்குப் பொருந்தவே பொருந்தாத பலூன் டயர்கள். கம்பெனி தந்தது கறுப்பு பாடி. இதன் மேல் யாரோ பிரஷ்ஷால் சிவப்பு பெயின்டை அப்பியிருந்தார்கள். 

பத்து வயதில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று இதன் பெட்டியை மட்டுமே பார்த்தவர் அவர். வாங்கிவிட்டார். ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பழக்கமே இல்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மாமனார் மரச்சாமான் செய்து ஓய்வு பெற்றவர். அந்த ஊரில் இது ஆச்சரியமில்லை. பெரிய செங்கென் கோயிலைக் கட்ட நாடெங்குமிருந்து வந்த தச்சர்களும் அரக்கு வேலைக்காரர்களும் ஷிசுவோகாவிலேயே தங்கிவிட்டார்கள் என்றும், ஊரின் கைத்தொழில்களுக்கு அதுதான் வேர் என்றும் சொல்வார்கள். தமியாவே 1946-ல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கியதுதான். பிறகு மர மாடல்கள் செய்யத் தொடங்கி, 1960-ல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. ரிமோட் கார் 1976-ல் வந்தது. அந்த முதல் கார் ஒரு போர்ஷே. அதைத் துல்லியமாகச் செய்ய, ஷுன்சாக்கு தமியா ஓர் அசல் போர்ஷே 911-ஐயே வாங்கி, பிரித்துப் போட்டு அளந்தார். 2025 ஜூலையில் 90 வயதில் மறைந்த அந்த மனிதரின் கதையில், பலரும் விரும்பிச் சொல்லும் பகுதி இதுதான்.

வாசல் திண்ணையில் பழைய செய்தித்தாள் விரிக்கப்பட்டது. முதல் திருகாணியிலேயே மாமனார் கையை நீட்டித் தடுத்தார்.

"மாப்பிள்ளை, அந்த ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்."

ஜப்பானியத் திருகாணிகளின் தலையில் உள்ள கூட்டல் குறி, மற்ற நாடுகளில் பரவலாக இருக்கும் 'பிலிப்ஸ்' வகையைப் போலவே தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பிலிப்ஸ் முனையை வைத்து அழுத்தித் திருகினால் வழுக்கி மேலே ஏறிவிடும், தலை மழுங்கிவிடும். பழைய ரிமோட் வண்டிகளில் பாதி இப்படித்தான் பாழாகின்றன. மாமனாரின் பெட்டியில் ஜப்பானிய அளவுக்கான முனை இருந்தது. திரும்பப் பூட்டும்போது அவர் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். பிளாஸ்டிக்கில் திருகாணியை வைத்ததும் முறுக்கக் கூடாது. முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் 'டக்' என்று இறங்கும். அதுதான் பழைய மரை. அதன் பிறகு வலப்பக்கம் முறுக்கினால் புது மரை வெட்டாது, பிளாஸ்டிக்கும் தாங்கும். மரத்துக்கும் இதே வித்தைதான்.

மகளின் வேலை போட்டோ எடுப்பது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் ஒரு படம், உள்ளே ஒரு படம். புதிதாக இறங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை கிடையாது. எந்த ஒயர் எங்கே போனது என்பது மறுநாளே மறந்துவிடும்.

மோட்டார் நல்ல நிலையில் இருந்தது. ரிமோட்டுக்குள் விட்டுவைத்த பென்சில் பேட்டரிகள்தான் கசிந்து, தகடுகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அது காரம். பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தால் போய்விடும், பிறகு ஈரத்துணியால் ஒரு துடைப்பு. அந்தக் கால வண்டியில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எலெக்ட்ரானிக்ஸ் அல்ல. ஒரு சிறு உலோகக் கை, தகடுகளின் மேல் இப்படியும் அப்படியும் நகரும், அவ்வளவுதான். தகடு கறுத்தால் வண்டி நிற்கும், தேய்த்துத் துடைத்தால் ஓடும். எது கெட்டது என்று கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்பதுதான் பழைய வண்டியின் அழகு. 

வண்டியோடு வந்த பழைய பேட்டரியை மட்டும் சார்ஜ் போட்டுப் பார்க்கவில்லை. அதை அகற்றிவிட்டு, அதே 7.2 வோல்ட்டில் புதிய நிக்கல் பேட்டரி வாங்கினார்கள். இப்போது எல்லாரும் பயன்படுத்தும் லித்தியம் பேட்டரி இந்த மாதிரி வண்டிக்கு ஆபத்து. அதை அளவுக்கு மீறி வடிய விடாமல் நிறுத்தும் சாதனம் இதில் கிடையாது. சக்கரங்களின் பளபள குரோமியப் பூச்சைச் சாதாரண சோப்புத் தண்ணீரில்தான் கழுவினார்கள். சமையலறை பிளீச்சில் ஊறவைத்திருந்தால் பூச்சே கழன்று போயிருக்கும்.

சறுக்கல் பெயின்டில் வந்தது.

சிவப்பை எடுக்க தின்னர் ஊற்றக் கூடாது, இந்த பிளாஸ்டிக் கரைந்துவிடும் என்பது வரை அவர் படித்திருந்தார். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் முழு பாடியையும் முக்கிவைத்தார், ஜன்னல்களைத் திறந்துவைத்து. சில மணி நேரத்தில் பெயின்ட் தோல்போல உரிந்தது. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க, உள்ளிருந்து அசல் கறுப்பு மினுமினுத்தது. அவர் முகத்தில் பத்து வயதுச் சிரிப்பு.

அன்று இரவு மகள் போட்டோக்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள் நின்றாள். "அப்பா, இதைப் பாத்தீங்களா?"

கூரையின் உட்புறம். தூசிப் படலத்துக்குப் பின்னால் வெள்ளை மார்க்கரில் குழந்தைக் கையெழுத்து. மூன்றாம் வகுப்பு, இரண்டாம் பிரிவு, ஒரு பையனின் பெயர். கடைசி எழுத்துக்கு இடமில்லாமல் அது கீழே இறங்கியிருந்தது.

பாடியைத் திருப்பிப் பார்த்தார்கள். வெறும் கறுப்பு. ஆல்கஹாலில் மார்க்கர் மை பெயின்ட்டுக்கு முன்னால் கரைந்துவிடும்.

"அந்தச் சிவப்பை அவன்தான் அடிச்சிருப்பான்" என்றார் மாமனார். வேறு எதுவும் சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. முப்பது, முப்பத்தைந்து வருடம் தாங்கி நின்ற பெயர் ஒரு மாலைப் பொழுதில் போய்விட்டது. இப்போது கடைகளில் இதே வண்டியின் மறுவெளியீடு புத்தம் புதிதாகவே கிடைக்கிறது. புதுசு வேண்டுமென்றால் அதை வாங்கியிருக்கலாமே என்று மனைவி கேட்டபோது அவரிடம் பதில் இல்லை.

படத்தைப் பார்த்து அதே எழுத்தை அதே இடத்தில் எழுதிவிடலாம் என்றாள் மகள். வெள்ளை மார்க்கர்கூட எடுத்து வந்துவிட்டாள். தாத்தா தலையசைத்தார். "நீ எழுதினா அது உன் எழுத்தும்மா."

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த விதம் மாறியது. அடிப்பாகத்தின் கீறல்களைத் தேய்க்கவில்லை. முன்பக்க பம்பரின் விரிசலை உள்பக்கம் மட்டும் ஒட்டினார், வெளியே கோடு தெரிந்தது. புதுச் சிவப்பும் அடிக்கவில்லை, ஸ்டிக்கரும் ஒட்டவில்லை. வெடித்துப்போன டயர்களை மாற்றியே ஆகவேண்டியிருந்தது. மறுவெளியீட்டின் டயர்கள் அப்படியே பொருந்தின. சிறுவர்கள் தாங்களே பிரித்துப் பூட்ட வேண்டும் என்று செய்த பொருள் என்பதால்தான் இத்தனை வருடம் கழித்தும் பாகங்கள் பொருந்துகின்றன. இன்று விற்கும் பல பொம்மைகளைத் திறக்கக்கூட முடியாது.

ஆகஸ்டில் முன்னோரை நினைக்கும் 'ஓபோன்' நாட்களுக்கு மறுபடி ஊருக்கு வந்தார்கள். மாலையில் அபே ஆற்றுக்குப் போனார்கள். நகரத்தை ஒட்டி ஓடும் அகலமான ஆறு. தண்ணீர் குறைவு, கூழாங்கல் மேடுகள் அதிகம். பக்கத்துக் கடையில் அந்த ஆற்றின் பெயரிலேயே விற்கும் அபேகாவா மோச்சி, அதாவது வறுத்த சோயா மாவு தூவிய அரிசிக் கொழுக்கட்டை, வாங்கிக்கொண்டார்கள்.

விசையைத் தள்ளியதும் பூசணி முன்சக்கரங்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. மகள் கத்தினாள். மாமனார் கைதட்டினார். இரண்டு வட்டம், மூன்று வட்டம். நான்காவதில் பின்சக்கரம் ஒன்று கழன்று தனியாக உருண்டு ஓடியது.

நட்டுக்குள் இருக்கும் நைலான் வளையம் தேய்ந்திருந்தால் பிடிக்காது, புதுசு போட வேண்டும். இவர் பழையதையே போட்டிருந்தார். அசலாக இருக்கட்டுமே என்று!

சக்கரம் கிடைத்துவிட்டது. நான்கு மில்லிமீட்டர் நட்டுக்காக, இருட்டும் வரை மூன்று தலைமுறையும் கூழாங்கற்களுக்கிடையே குனிந்து தேடிக்கொண்டிருந்தது. மோச்சி தீர்ந்துவிட்டது. நட்டு கிடைக்கவில்லை.