மீசான் துலக்குபவர்

மாளிகைக்காட்டு மையவாடியின் மதில் கடலரிப்பினால் இடிந்து சரிந்ததென்ற செய்தியைப் பத்திரிகையில் வாசித்த நாள்முதல், அந்தக் கரையோரத்தில் அடக்கப்பட்டிருப்போரின் தலைமாட்டில் நிற்கும் மீசான்கள் சாய்ந்தால் நிமிர்த்துபவர் யார், எழுத்து மங்கினால் துலக்குபவர் யார் என்ற கேள்வி என் மனத்தைவிட்டு அகலவில்லை. மருதமுனையில் ஆசிரியராயிருக்கும் நண்பரொருவரிடம் இதைப் பிரஸ்தாபித்தபோது, மேசன் தொழிலை ஜீவனோபாயமாகக் கொண்ட ஒருவர் மீசான் வேலையென்றால் கையிலுள்ள எதையும் அப்படியே வைத்துவிட்டு வருவாரென்று சொல்லி, கல்முனைக்குடியிலுள்ள அவருடைய வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்றார். அறுபதைக் கடந்த மெலிந்த தேகம். சுண்ணாம்பும் சீமெந்தும் தின்ற விரல்கள். ஊரெல்லாம் அவரைக் காக்கா என்றே விளிப்பதால் நானும் அவ்வாறே அழைத்தேன்; அவர் என்னைத் தம்பி என்றார்.

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று ஊர்கள் நெருக்கமாய்த் தொடரும் இந்தக் கரையில், கடலுக்கு அண்மையில் அமைந்த மையவாடிகள் உண்டு. உப்புக்காற்று ஆண்டு முழுவதும் வீச, கார்த்திகை மார்கழி மாதங்களில் வாடைக்காற்றோடு வரும் மழை எல்லாவற்றையும் நனைத்துப் பாசிபிடிக்கச் செய்கின்றது. 2013 இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டதன் பின்னர், அதற்கு வடக்கேயுள்ள கரை வேகமாக அரிபட்டு வருகிறதென்று மீனவரும் ஊராரும் ஓயாமல் முறையிட்டு வந்திருக்கின்றனர்.

காக்காவோடு நாங்கள் சென்ற மையவாடியில் மூன்று காலத்து மீசான்கள் ஒருங்கே நின்றன. பழையவை முதிரைப் பலகையும் முருகைக்கல்லும். இடைக்காலத்தவை சீமெந்துப் பலகைகள். அண்மையில் நட்டவை கறுப்புக் கருங்கல். இவற்றுள் விரைவில் அழிவது மரம் என்றே நான் எண்ணியிருந்தேன். காக்கா என்னை ஒரு சீமெந்து மீசானண்டை இட்டுச்சென்று, பெயரின் நடுவே மேலிருந்து கீழாக ஓடிய வெடிப்பைத் தடவிக் காட்டினார். வெடிப்பின் உள்ளே செம்பழுப்பாய்த் துருவேறிய கம்பி தெரிந்தது. உறுதிக்காக வைத்த இரும்பு, உப்பீரம் உட்புகுந்தவுடன் துருப்பிடித்துப் பருத்து, தன்னை மூடிய சீமெந்தையே உள்ளிருந்து பிளந்துவிடுகின்றது. "கம்பி வெச்சா கனகாலம் நிக்கும் எண்டு எல்லாரும் நினைக்கிற. கடக்கரையில கம்பிதான் மீசானுக்கு மௌத்து, தம்பி," என்றார். வெடித்ததைத் திறந்து, துருவைச் சுரண்டி, கம்பியை அகற்றி, மீண்டும் இணைக்கும் வேலையை அவர் விரிவாக விளக்கினார். கலவையின் விகிதங்களை நான் இங்கு விவரிக்க முற்படவில்லை.

துலக்கும் வேலையைத்தான் நான் கண்கொட்டாமல் பார்த்தேன். அவருடைய ஆயுதம் ஒரு தும்புக்கட்டை. தேங்காய்மட்டையை ஊறவைத்து அடித்தெடுத்த தும்பை, ஒரு பிடியளவு சேர்த்து, நைலோன் நூலால் இறுக்கிக் கட்டி, நுனியைச் சமமாக நறுக்கி, பின்னர் சில நாட்கள் சீமெந்துத் தரையில் தேய்த்து மழுக்கிய பிறகே அதை மீசானில் வைப்பாராம். புதுத்தும்பின் கூர்நுனிகூட முருகைக்கல்லைக் கீறிவிடுமென்பது அவருடைய எச்சரிக்கை. கம்பிப் பிரஸ்ஸை அவர் தம் வேலைப்பையில் வைத்திருப்பதேயில்லை. முதலில் வீட்டிலிருந்து கலன்களில் கொண்டுவந்த நல்ல தண்ணீரை ஊற்றிக் கல்லை நெடுநேரம் நனையவிட்டார்; அவ்விடத்துக் கிணற்று நீரில் உப்பு உண்டாதலால் அதைத் தொடுவதில்லை. பின்பு அடியிலிருந்து மேல்நோக்கிச் சிறுசிறு வட்டமாகத் தேய்த்து, தேய்த்த இடத்தை உடனுக்குடன் கழுவினார். மேலிருந்து தொடங்கினால் வழியும் அழுக்கு கீழேயுள்ள உலர்ந்த பாகத்தில் வரிவரியாகக் கறைபிடித்துவிடும். ஊறி இளகிய கற்பாசியை மூங்கிற்சீவலால் நெம்பி எடுத்தார். கறுத்துக் கிடந்த பரப்பினின்று முதலில் ஓர் அலிப் தலைகாட்டிற்று. அப்புறம் ஒரு லாம். பிறகு ஒரு பெண்மணியின் பெயர் தமிழில் முழுமையாக வெளிவந்தது.

"கல்லக் கழுவிற எண்டா அழுக்கத்தான் கழட்டணும், கல்லக் கழட்டப்படாது," என்பது அவர் தொழிலின் சாரம். முருகைக்கல்லும் சலவைக்கல்லும் கல்சியம் காபனேற்றால் ஆனவை. தரை துடைக்கும் அசிட்டை அவற்றின்மேல் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரைவது அழுக்கன்று, கல்லின் தோலும் அதில் வெட்டிய எழுத்துமே. குளோரின் ஊற்றினால் அன்றைக்கு வெளுக்கும். அதன் உப்பு துவாரங்களில் தங்கிப் பின்னர் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். வாகனம் கழுவும் மோட்டரால் தண்ணீர் அடித்தாலும் இதே நாசம். உப்பூறிப்போன கல்லுக்கு அவர் செய்யும் வைத்தியம் விசேஷமானது: பிள்ளைகளின் பழைய கொப்பிகளில் எழுதாத தாள்களைக் கிழித்து, நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, கல்லின்மீது கனமாக அப்பி உலரவிடுகிறார். ஈரம் கூழுக்கூடாக வெளியேறும்போது உப்பும் அதனோடு வந்து தாளில் படிந்துவிடுகிறது, காய்ந்ததும் உரித்தெடுக்கலாம்.

இத்தனை நிதானத்தை எங்கே கற்றார்? அவருடைய தாய்மாமன் இளமையில் திருகோணமலை யுத்த மயானத்தில் தோட்டவேலை பார்த்தவராம். 1917 இல் அரச சாசனத்தினால் நிறுவப்பட்ட பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் பராமரிப்பிலுள்ள அவ்விடத்தில், அதிகாரியென்றும் சிப்பாயென்றும் பேதமில்லாமல் அனைவருக்கும் ஒரே விதமான நினைவடையாளம். அந்த ஒழுங்கையும் மெல்லிய பிரஸ்ஸையும் மாமன் ஊருக்குக் கொண்டுவந்தார்; மருமகன் பிரஸ்ஸைத் தும்பாக மாற்றிக்கொண்டார்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதியைப்பற்றி நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். போயா தினமான அந்த ஞாயிறு காலையில் எழுந்த கடல், அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோயிற்று. காக்காவின் இளைய சகோதரியும் அவளுடைய பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். "குளிப்பாட்ட நேரமில்ல, கபனுக்குப் புடவையில்ல. கிடங்கு வெட்டி ஒண்டா அடக்கின. நானும் வெட்டின. எங்கட தங்கச்சி எந்தக் கிடங்கில எண்டு இண்டைக்கும் தெரியா." சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார். மற்றவர்களுடைய மீசான்களில் அவர் காட்டும் சிரத்தைக்குக் காரணம் அதற்குமேல் எனக்கு விளக்கப்பட வேண்டியிருக்கவில்லை.

இத்தகைய கைக்கு ஊர் கொடுக்கும் கூலியை நினைக்கையில் என் நெஞ்சு கொதிக்கின்றது. மௌத்தான வீட்டில் கண்ணீர் காயுமுன்னரே கருங்கல் தரகர் வந்து அமர்ந்துவிடுகிறார். எழுத்து மாதிரிகளை விரித்துக் காட்டுகிறார். வாப்பாவின்மேல் வைத்த பாசத்தைக் கல்லின் கனத்தால் அளக்கலாமென்று பிள்ளைகளை நம்பச் செய்கிறார். முற்பணம் அவருக்கு, இலாபம் கடைக்கு. சுடுவெயிலில் குழிதோண்டி அந்தப் பாரத்தை நிமிர்த்தி நாட்டுகிறவனுக்கு ஒருநாட் கூலி. பழைய கல்லைத் துலக்கினாலே போதுமென்று சொல்பவன் அந்த வியாபாரத்துக்குச் சத்துரு. துக்கத்தில் தத்தளிக்கும் குடும்பத்தின் பேதைமையை மூலதனமாகக் கொண்ட வணிகத்தைப் பாவமென்றல்லாமல் வேறெவ்வாறு அழைப்பது? நல்ல நிலையிலிருந்த முதிரை மீசான்கள் பிடுங்கி எறியப்பட்டு, மதிலோரம் மக்கிக் கிடந்ததை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

கபுறுகளைச் சாந்து பூசிக் கட்டுவது தகுமா என்பதில் இந்த ஊர்களில் அபிப்பிராய பேதங்கள் உண்டு. அவற்றுள் நான் புகவில்லை. ஆனால் நபித்தோழர் உஸ்மான் இப்னு மழ்ஊன் அவர்களின் தலைமாட்டில் நபிகள் நாயகம் தம் கையாலேயே ஒரு கல்லை வைத்து, தம் சகோதரரின் கபுறை அதனால் அறிந்துகொள்வதாகக் கூறினார்கள் என்ற ஹதீஸைக் காக்கா சொன்னபோது, அடையாளத்துக்குரிய அளவு எது என்பது எனக்குத் தெளிவாயிற்று. கொவிட் காலத்தில், 2020 முதல் ஏறக்குறைய ஓராண்டு, தொற்றால் இறந்தோரின் ஜனாஸாக்களை எரிக்க அரசு கட்டாயப்படுத்தியதும், 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்க அனுமதி கிடைத்ததும் இம்மக்களுக்குப் பழங்கதையல்ல. அந்த ஓராண்டில் எரிக்கப்பட்டவர்களுக்குச் சென்று ஸலாம் சொல்ல ஒரு தலைமாடு இல்லை.

காக்காவிடம் இப்போது ஒரு கொப்பி இருக்கிறது. கடல் எந்த வரிசைவரை வருமென்று யாராலும் சொல்ல முடியாதாகையால், கடலோர வரிசையிலிருந்து தொடங்கி, துலக்கிய ஒவ்வொரு மீசானின் பெயரையும் திகதியையும் மதிலிலிருந்து அது எத்தனை முழம் என்பதையும் அதில் எழுதி வருகிறார். அவருடைய கண்பார்வை மங்கிவருவதால், நண்பர் தம் வகுப்பு மாணவர் சிலரைச் சனிக்கிழமைகளில் அனுப்ப இணங்கியிருக்கிறார். பள்ளிவாசல் நிர்வாகம் அந்தக் கொப்பியைத் தன் பதிவேடாக ஏற்க வேண்டுமென்று நாங்கள் மூவரும் கையொப்பமிட்டு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். பராஅத் இரவுக்குள், மக்கள் ஸியாரத்துக்கு வரத் தொடங்குமுன், முதலிரு வரிசைகளையாவது முடித்துவிட வேண்டுமென்பது காக்காவின் அவசரம்.