குளம்பொலி ஓய்ந்த திடல்

160 ஏக்கர் 86 சென்ட் நிலம். ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா. 1946 முதல் 99 ஆண்டுகளுக்கு! கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலுக்கு, மதராஸ் ரேஸ் கிளப் அரசுடன் செய்துகொண்ட குத்தகை அது. ஏக்கருக்கு என்ன விலை என்று நம் வகுப்பு மாணவரைக் கணக்கிடச் சொன்னோம். 3 ரூபாய் 13 அணா அளவில் விடை வந்தது. அணா என்றால் என்னவென்று விளக்கத்தான் நேரம் பிடித்தது.

பெரியகுளத்தில் பாடம் நடத்தும் நமக்குக் கிண்டியின் கவலை ஏன் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. நம் பாட்டியாரின் தமையனார் கும்பக்கரை வழியில் மாந்தோப்பு வைத்திருந்தவர். வெளியூர் போய்க் குதிரைப் பந்தயத்தில் சிக்கினார். குதிரையின் வமிசமும் வயதும் அச்சிட்ட ஆங்கிலப் புத்தகம் அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே சோதிடரைக் கேட்டார். ராசிக்கு ஏற்ற எண்ணைச் சொன்னார் சோதிடர். தோற்றால் கிரகம் சரியில்லை, வென்றால் கணிப்பின் பெருமை! சோதிடருக்கு மட்டும் எந்தப் பந்தயத்திலும் நட்டமில்லை. தோப்பு போயிற்று. தங்கையிடம் வாங்கிய நகையும் அடகுக் கடையில் மூழ்கிற்று. அந்த நகையை நம்பியிருந்த நம் அன்னையாரின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது.

சென்னையில் குதிரைப் பந்தயம் 1777இல், கும்பினியார் காலத்தில் தொடங்கியது. கிளப் 1896இல் அமைந்தது. வெள்ளையர் பொழுதுபோக்கு என்பதோடு நில்லாமல், ஏழை வீட்டு உலைப்பானை வரை அதன் கை நீண்டது. சட்டமோ விந்தையானது. புளியமரத்தடியில் காசு வைத்துச் சீட்டாடினால் சூதாட்டம், காவலர் வருவர். பந்தயத் திடலின் வேலிக்குள், பந்தய நாளில் காசு கட்டினால் அது சூதாட்டம் ஆகாது! வேலிக்கு அந்தப் பக்கம் கனவான், இந்தப் பக்கம் குற்றவாளி. மனுவின் நூலில் மட்டுமா ஆளுக்கொரு நீதி?

இந்த விலக்கை நீக்க 1974இல் கலைஞர் கருணாநிதி அரசு சட்டம் கொண்டுவந்தது. வழக்கு மன்றம் ஏறியது. குதிரைகள் ஓடிக்கொண்டே இருந்தன. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே அரசுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. இரண்டையும் விசாரித்த உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரிதும் திறன் சார்ந்ததே, சூதாட்டமன்று என 1996 சனவரியில் தீர்ப்பளித்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாதென்றது. திறன் உண்டு, மறுக்கவில்லை. குதிரைக்கு உண்டு, ஓட்டுபவனுக்கு உண்டு, வமிச வரலாறு படித்துத் தேர்பவருக்கும் ஓரளவு உண்டு. ராசி எண்ணுக்குக் காசு கட்டிய நம் பெரியவருக்கு எந்தத் திறன் இருந்தது?

கடைசியில் திடலை மூடவைத்தது சூதாட்ட வழக்கன்று, வாடகைப் பாக்கி! 1970 முதல் உயர்த்திய வாடகைக்காக 730 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. குத்தகையை நீக்கி, 2024 செப்டம்பர் 9இல் அரசு திடலுக்குப் பூட்டுப் போட்டது. அதற்கு இரு மாதம் முன்னரே உதகைத் திடலும் கைப்பற்றப்பட்டது. ஏறத்தாழ 52 ஏக்கர். அதன் குத்தகை முடிந்ததோ 1978இலேயே.

உதகைத் திடல் உருவான விதம் அறியத்தக்கது. சல்லிவன் துரை 1820களில் அமைத்த ஏரி இன்றைய அளவினும் பெரிது. அதன் ஒரு பகுதியைத் தூர்த்த நிலத்தில்தான் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் எழுந்தன. குதிரை ஓட, நீரை விரட்டினார்கள். பெயரிலேயே குளத்தைச் சுமக்கும் ஊரில் வாழும் நமக்கு இது உறுத்துகிறது. கிண்டியில் கதை திரும்பியிருக்கிறது. குளம்பு பட்ட மண்ணில் மழைநீருக்குக் குளங்கள் வெட்டப்பட்டன, வேளச்சேரி வீடுகளில் வெள்ளம் புகாதிருக்க. 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்கவும் திட்டமிட்டார்கள். அந்தப் பூங்காவுக்கு வேலி போட்டு, எளியோர் கைக்கு எட்டாத நுழைவுக் கட்டணம் வைத்துவிடக் கூடாது.