சோதினைக்கு வராத கேள்வி

கண்டாவளைப் பிரதேசத்துப் பாடசாலை ஒன்றில் வரலாறும் குடியியலும் படிப்பிக்கிறேன். மேற்குக் கரையில் இஸ்ரேல் கட்டிய சுவரைப் பற்றி என் மாணவர்களுக்கு இரண்டு பக்கத்தாலும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் மண்ணில் போர்க்காலத்தில் புலிகள் எழுப்பிய மண் அணையைப் பற்றி அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பிள்ளை வாய் திறந்து கேட்டபோதும் சொல்லவில்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

குடியியலில் முரண்பாடுகளும் அவற்றைத் தீர்க்கும் வழிகளும் என்று ஒரு பகுதி உண்டு. புத்தகத்தில் உள்ள உதாரணங்கள் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை என்று பட்டதால் நான் இஸ்ரேலியச் சுவரை எடுத்துக்கொண்டேன். நன்றாகத்தான் படிப்பித்தேன் என்று இன்றும் நினைக்கிறேன். 2002 மார்ச் 27 அன்று நெதன்யா நகரின் ஹோட்டல் ஒன்றில் பாஸ்கா விருந்துக்குக் கூடியிருந்தவர்கள் நடுவே ஒருவர் குண்டை வெடிக்க வைத்தார், 30 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் பஸ்ஸில் ஏறவே சனம் பயந்தது. அந்த ஆண்டுதான் சுவர் வேலை தொடங்கியது. திட்டமிட்ட நீளம் ஏறக்குறைய 700 கிலோமீற்றர். பெரும்பகுதி கம்பி வேலி. ஊர்மனைகளை ஒட்டிய இடங்களில் எட்டு மீற்றர் உயரக் கொங்கிறீற்று. ஆனால் அது 1949ஆம் ஆண்டின் போர்நிறுத்தக் கோட்டின் மேலே போகவில்லை. பெரும்பகுதி மேற்குக் கரைக்குள் நுழைந்து போனது. பலஸ்தீன விவசாயி தன் ஒலிவ மரத்துக்குப் போவதற்கு அனுமதிச் சீட்டுடன் கேற்றடியில் நிற்க வேண்டியதாயிற்று. 2004 ஜூலை 9 அன்று சர்வதேச நீதிமன்றம் அது சட்டத்துக்கு முரணானது என்று ஆலோசனைக் கருத்து வழங்கியது. பில்இன் என்ற கிராமத்தில் வேலி போகும் பாதையை மாற்றும்படி 2007இல் உத்தரவிட்டது இஸ்ரேலின் சொந்த உயர் நீதிமன்றம். வேலி உண்மையில் நகர 2011 ஆயிற்று.

அங்கேயுள்ள யூதப் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக் கொடுப்பார்கள் என்று வகுப்பில் கேட்டேன். உங்கள் வயதுப் பெண் ஒருத்தியின் அண்ணன் பஸ்ஸில் குண்டு வெடித்துச் செத்திருந்தால் அந்தச் சுவர் அவளுக்கு என்னவாகத் தெரியும்? மற்றப் பக்கத்தில் அதே வயதுப் பெண், தாத்தாவின் தோட்டம் சுவருக்கு அப்பால் போய்விட்டது, அவளுக்கு என்னவாகத் தெரியும்?

பிறகு டான் பார்-ஒன் என்ற இஸ்ரேலிய உளவியலாளரும் சமி அத்வான் என்ற பலஸ்தீனக் கல்வியாளரும் சேர்ந்து செய்த புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். சுவர் எழும்பிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இரண்டு பக்கத்து ஆசிரியர்களும் கூடியிருந்து எழுதியது. பக்கத்தை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். ஒரு நிரலில் இஸ்ரேலியர் சொல்லும் வரலாறு, மற்ற நிரலில் பலஸ்தீனர் சொல்லும் வரலாறு. நடு நிரல் வெறுமை, மாணவன் எழுதுவதற்கு. கரும்பலகையில் சோக்கால் இரண்டு கோடு இழுத்து மூன்று நிரலாக்கி, பிள்ளைகளை எழுப்பி நிரப்ப வைத்தேன். இடைவேளை மணி அடித்தும் சிலர் எழும்பவில்லை.

அப்போதுதான் மூன்றாவது வாங்கில் இருந்த பிள்ளை கேட்டாள்.

"சேர், எங்கட அணையும் உப்பிடித்தானே?"

"எந்த அணை?"

"மாத்தளன் அணை. அதால தாண்டி வரேக்க எங்கட ஆக்களே சுட்டவையாம். அம்மப்பா அதிலதான் செத்தவர் எண்டு அம்மம்மா சொன்னவா."

வகுப்பு அசையவில்லை. அவளுக்கு இரண்டு வாங்கு பின்னால் இருந்த பையன் தலையைக் குனிந்தான். அவனுடைய மாமா புலிகள் இயக்கத்தில் இருந்தவர், 2008 கடைசியில் கிளிநொச்சிப் பக்கத்து அணையில் நின்று செத்தவர். அந்த மாமாவின் படம் அவர்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். கரும்பலகையில் மூன்று நிரலும் அழியாமல் இருந்தன. அவற்றின் தலைப்பை மட்டும் மாற்றியிருந்தால் போதும்.

நான் சொன்னது இதுதான்: "பிள்ளை, உது சோதினைக்கு வராது. புத்தகத்தை எடுங்கோ."

அவள் எடுத்தாள். அந்த வருடம் முழுக்க அவள் என்னிடம் வேறு கேள்வி கேட்கவில்லை.

எனக்குத் தெரியாமல் இல்லை. 2008இல் நான் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியர். நாச்சிக்குடாவில் இருந்து அக்கராயன் பக்கமாக அணை எழுந்த காலத்தில், முறைபோட்டு மண் வெட்டப் போன பொதுமக்களில் நானும் ஒருவன். முன்னால் அகழி, பின்னால் மேடு. ஆமி உள்ளே வராமல் இருக்கத்தான் வெட்டுகிறோம் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை நான் இன்று பழிக்க மாட்டேன், அணைக்கு அப்பால் இருந்து வந்த செல் உண்மையானது. அந்த செப்ரெம்பரில் அரசாங்கம் சொன்னதும் ஐ.நா.வும் தொண்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டன. போக வேண்டாம் என்று சனம் வாசலில் நின்று மன்றாடியது. அதற்குப் பிறகு எங்களைப் பார்க்க வெளியாள் அநேகமாக எவரும் இல்லை.

ஆனால் அதே காலத்தில் வன்னியை விட்டு வெளியே போகப் புலிகளின் பாஸ் வேண்டும். பாஸ் சும்மா கிடைக்காது. வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளை இயக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தது. அதன் பிறகு எங்களோடு சேர்ந்து அணையும் கிழக்கே நகர்ந்தது. கடைசியாகப் புதுமாத்தளனில், களப்புக் கரையோரமாக மூன்று கிலோமீற்றர் அளவில் ஒரு மண் மேடு. அதற்குள் பங்கருக்கு மண்மூட்டை கட்டச் சாக்கு இல்லாமல் சனம் சேலையைக் கிழித்துத் தைத்தது. என் அம்மா தன் கூறைச்சேலையைக் கொடுத்தார். சரிகைக் கரை வெளியே தெரிய மண் நிரம்பிய அந்த மூட்டைக்குப் பின்னால்தான் நாங்கள் கிடந்தோம். அரசாங்கமே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்தில் அரசாங்கத்தின் செல் விழுந்தது. ஆஸ்பத்திரியிலும் விழுந்தது. களப்பை இரவில் கடந்து ஓடப் பார்த்தவர்கள் மேல் எங்கள் பக்கத்துத் துவக்கு வெடித்தது. இரண்டையும் கண்டேன். ஏப்ரல் 20 அன்று ஆமி அந்த மேட்டை உடைத்தபோது லட்சம் வரையான சனம் அடுத்தடுத்த நாட்களில் தண்ணீருக்குள்ளால் வெளியே வந்தது. நானும் அதில் வந்தவன். வந்தவர்களை மெனிக் பாம் முகாமின் முள்ளுக்கம்பிக்குள் அடைத்தார்கள். வெளியே போக அங்கேயும் அனுமதி வேண்டும்.

இவை எதுவும் இரகசியம் இல்லை. தருஸ்மன் தலைமையில் ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் இரண்டையும் எழுதியது. அரசாங்கம் பாதுகாப்பு வலயங்கள் மீதும் ஆஸ்பத்திரிகள் மீதும் செல் அடித்தது, புலிகள் சனத்தைப் போகவிடாமல் வைத்திருந்து தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள், பொதுமக்களைக் கொண்டு அகழி வெட்டினார்கள். 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்பதும் அந்த அறிக்கையில்தான் வந்தது. அறிக்கையை நான் வாசித்திருக்கிறேன். முதல் பாதியை நினைவுநாளான மே 18 வருகிற ஒவ்வொரு வருடமும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கிற இடத்தில் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். செல்லைச் சொல்வேன், ஆஸ்பத்திரியைச் சொல்வேன், அம்மாவின் கூறைச்சேலையைச் சொல்வேன். அவ்வளவும் உண்மை. களப்பில் வெடித்த துவக்கைச் சொன்னதில்லை. கஞ்சிக் கோப்பையோடு அந்தப் பிள்ளையின் அம்மம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார் என்பது அவள் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஏன் சொல்லவில்லை? பயங்கரவாதத் தடைச் சட்டம் இருக்கிறது, விசாரணைக்குக் கூப்பிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்தப் பயம் செல்லைப் பற்றிப் பேசுகிறவனுக்குத்தான் வர வேண்டும். செல்லைப் பற்றி நான் துணிந்து பேசினேன். என்னை மறித்தது வேறு பயம். சந்தையில், கோயிலில், ஆசிரியர் அறையில் என் பெயருக்குப் பின்னால் துரோகி என்ற சொல் வந்து ஒட்டிவிடும் என்ற பயம். அந்தப் பையனின் மனம் நோகும் என்பதற்காகத்தான் பேசவில்லை என்றும் கொஞ்சக் காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அவன் மாமா நின்று செத்த அணையும் அவள் அம்மப்பா தாண்டப் போய்ச் செத்த அணையும் ஒரே வரிசையில் வந்தவை. இருவரும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். ஒருவன் மனதைக் காக்க மற்றவள் வாயை அடைத்தேன் என்றால் அதில் என்ன நியாயம்? உண்மையில் நான் காத்தது என்னை.

அந்த மூன்று நிரல் புத்தகத்துக்கு என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டேன். 2010இல் காசா எல்லைக்குப் பக்கத்தில் உள்ள இஸ்ரேலியப் பாடசாலை ஒன்றில் அதைப் படிப்பித்தார்கள். ரொக்கெட் விழும் ஊர் அது. கல்வி அமைச்சு தடுத்து, அதிபரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. அவர்களுக்கு ஒரு தடை உத்தரவு வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. கல்வி வலயத்தில் இருந்து சுற்றறிக்கை இல்லை, அதிபர் வாய் திறக்கவில்லை, பெற்றோர் எவரும் வந்து சத்தம் போடவில்லை. எவரும் தடுக்காமல் நானாகவே தடுத்துக்கொண்டேன். அதனால்தான் இதை என் குற்றம் என்கிறேன். நிலைமையின் குற்றம் என்று சொல்லித் தப்ப மாட்டேன்.

எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் இந்தப் போருக்கென்று ஒரு பாடம் இல்லை. இனி வந்தாலும் கொழும்பில் எழுதப்படுகிற பாடத்தில் எங்கள் செல் காயம் எவ்வளவு இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். பாடம் வருமட்டும் பிள்ளைகள் போனில் பார்த்துப் படிக்கிறார்கள். அங்கே ஒரு காணொளியில் புலிகள் பயங்கரவாதிகள், அடுத்ததில் அவர்கள் தெய்வங்கள். பக்கம் பார்க்காமல் வேலை செய்தவர்களும் உண்டு: முகமாலையில் ஆமியும் புலிகளும் எதிரெதிரே புதைத்த கண்ணிவெடிகளைக் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் போர் முடிந்து பதினைந்து வருடம் கடந்தும் கிண்டிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கண்ணி எவர் புதைத்தது என்று பார்த்து அவர்கள் ஒரு பக்கத்தை விட்டுவிட்டுப் போகவில்லை.

மகள், உன் அம்மம்மா சொன்னது உண்மை. நான் அங்கே இருந்தவன், எனக்குத் தெரியும். உன் பின்னால் இருந்தவனின் மாமா எங்களைக் காக்க நின்று செத்தார் என்று அவன் நம்புவதிலும் உண்மை இருக்கிறது. அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

வன்னியில் தரம் பத்து, பதினொன்றுக்குப் படிப்பிக்கிற ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்களில் அந்த அணைக்குள் இருந்தவர்கள் இன்னும் கொஞ்ச வருடத்தில் ஓய்வு பெற்றுவிடுவோம். அதற்கு முன் எந்தப் பிள்ளையாவது அணையைப் பற்றிக் கேட்டால், புத்தகத்தை எடுக்கச் சொல்லாதீர்கள். கண்டதைச் சொல்லுங்கள், இரண்டு பக்கத்தாலும்.