எல்லாத்துக்கும் 1 சொல்லும் வாட்ச்மேன்

லிப்கர்ல் பயன்படுத்தும் மக்களுக்குத் தெரிந்திருக்கும். பாதுகாப்பான கனெக்‌ஷன் போடும் முன்னால், 'கடைசியா ஏதாவது மாத்தணுமா?' என்று அது நம்மைக் கூப்பிட்டுக் கேட்கும். அதுக்குத்தான் எஸ்எஸ்எல் கான்டெக்ஸ்ட் கால்பேக்.

நல்ல வசதிங்க. ஆபீஸ் சர்வரின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது எங்கள் சொந்த சிஏ. வழக்கமான பட்டியலோடு அதையும் மெமரியிலிருந்தே சேர்க்க இந்தக் கால்பேக்கில் சில வரிகள் போதும்.

ஆனா டெட்லைன் வந்தால் மூளை குறுக்கே ஓடும். ஓபன்எஸ்எஸ்எல் செய்யும் சோதனைக்குப் பதிலாக நம்ம ஃபங்ஷனைச் செருகி, எதைக் கேட்டாலும் 1 என்று சொல்ல வைத்தால் எர்ரர் மாயம்! எவனோ அதே பெயரில் போலிச் சான்றிதழ் அடித்து வந்தாலும், 'வாங்கண்ணே' என்று கேட்டைத் திறக்கும் வாட்ச்மேன் ரெடி.

கவனமில்லாமலும் இது நடக்கும். லிப்கர்லில் சர்வர் பெயர் பொருந்துகிறதா என்று பார்க்க 2 கொடுக்கணும். பலர் 'ட்ரூ' என்று கொடுத்தார்கள். அது 1 ஆகி, பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. பணம் கட்டும் மென்பொருளிலேயே இந்த ஓட்டை இருந்ததை 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதே வருடம் லிப்கர்ல் அந்த 1-ஐ ஏற்பதை நிறுத்தியது.

போன மாதம் டீம் தம்பி ஒருத்தன், "டெஸ்டிங்குக்கு மட்டும்தாண்ணா" என்று அந்த வாட்ச்மேனைக் கொண்டு வந்தான். முடியாதுன்னுட்டேன். ரிலீஸ் இரண்டு நாள் தள்ளிப்போச்சு. மேனேஜர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருக்கட்டும். அந்த வழியாகப் போவது நூற்றுக்கணக்கான பேரின் சம்பளக் கணக்கு.