டிலன் வணக்கம் சொல்லவில்லை

2024 நவம்பர், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். வாசலிலேயே செல்போனைப் பையில் போட்டுப் பூட்டி, பையை நம் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். 83 வயது பாப் டிலன், பியானோவுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தார். வணக்கம் கிடையாது, பேச்சும் கிடையாது. (நோபல் பரிசு விழாவுக்கே போகாத மனுஷன், நமக்கா வணக்கம் வைப்பார்?) முப்பது வருஷமாக மனப்பாடமான பாட்டையே மெட்டை மாற்றிப் பாட, இரண்டாவது வரியில்தான் எந்தப் பாட்டு என்று பிடிபட்டது. பக்கத்து சீட்டுப் பெரியவர் பூட்டிய பையின் மேல் விரலால் தாளம் போட்டுக்கொண்டே இருந்தார். டிலன் ஹார்மோனிகாவை எடுத்ததும் அந்த விரல் நின்றுவிட்டது. எனக்கும் தொண்டை அடைத்தது.

போட்டோ ஒன்றுகூட இல்லை, கேட்காதீர்கள்.