அண்ணனின் நண்பர்களுக்கு அழ நேரம் கிடைக்கவில்லை

2024 ஜூலை 5, வெள்ளிக்கிழமை மாலை. பெரம்பூரில் தான் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் அருகே அண்ணன் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர், வழக்கறிஞர். நூம்பலில் எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குச் செய்தி வந்தபோது, வதந்தி பரப்பாதீர்கள் என்றுதான் முதலில் பதில் போட்டோம்.

நாங்கள் அவரோடு பழகியவர்கள் அல்ல. ஆனால் வருடக்கணக்காக அவரோடு பழகியவர்கள் எங்கள் வட்டத்தில் இருக்கிறார்கள். இந்தப் பதிவு அவர்களைப் பற்றியது.

நம் தெருக்களில் சாவு விழுந்தால் நண்பர்களுக்கென்று சில வேலைகள் உண்டு. பந்தல் போடுவது, ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, வண்டி பிடிப்பது. ராத்திரி முழுக்க பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, செத்தவன் செய்த சேட்டைகளைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். நடுவில் ஒருவன் உடைந்து அழுவான். அப்படித்தான் நாம் துக்கத்தைக் கழிக்கிறோம்.

அண்ணனின் நண்பர்களுக்கு அந்த ராத்திரி கிடைக்கவே இல்லை. மருத்துவமனை வாசல், பிரேதப் பரிசோதனை, மறியல், ஞாயிற்றுக்கிழமை உயர்நீதிமன்றம். கட்சி அலுவலகத்திலேயே அடக்கம் செய்ய அனுமதி கேட்டார் துணைவியார் பொற்கொடி. குறுகலான தெரு, குடியிருப்புப் பகுதி என்று மறுக்கப்பட்டது. அந்த வாரம்தான் ஹாத்ரஸில் நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். கூட்டத்தைப் பற்றிய கவலையைப் பொய் என்று சொல்ல மாட்டோம். ஆனால் பிணத்தை வைத்துக்கொண்டு இடத்துக்காக வாதாடுவது நம் மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. 2019இல் வாணியம்பாடி அருகே பாதை மறுக்கப்பட்டு, பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலை இறக்கிய வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைசியில் ஆவடிக்கு அந்தப் பக்கம் பொத்தூரில் ஒரு தனியார் நிலம் முடிவானது. ஊர்வலம் அங்கே போய்ச் சேர்ந்து, பௌத்த முறைப்படி அடக்கம் முடிய நள்ளிரவு தாண்டிவிட்டது.

இன்னொரு வேலையும் அவர்கள் தலையில் விழுந்தது. உடல் மண்ணுக்குள் போகும் முன்பே 'ரவுடி' என்ற பேச்சு கிளம்பிவிட்டது. அழ வேண்டிய ஆட்கள் மறுப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள், யூடியூப் சேனல்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆவடி பக்கத்துக் கரலப்பாக்கத்துக்காரரான பா. ரஞ்சித், அவரை அண்ணன் என்றே அழைத்தவர். அவரும் அறிக்கையில் இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஜூலை 20 அன்று எழும்பூரில் நீதி கேட்டுப் பேரணி. கொல்லப்பட்டவனுக்கு நற்சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் நண்பன் அழலாம் என்றால், அதற்குப் பெயரும் சாதிதான்.

இதை நாமும் கொஞ்சம் உள்ளே வாங்கிவிட்டோமோ என்று எங்களுக்குச் சந்தேகம் உண்டு. "அழுகையை ஆற்றலாக்குவோம்" என்று மூன்றாம் நாளே போஸ்டர் அடிக்கிறோம். மகாத் போராட்டத்துக்கு முந்தைய ஆண்டு, 1926இல், மகன் ராஜரத்னா இறந்தபோது பாபாசாகேப் நண்பர் தத்தோபா பவாருக்கு எழுதிய கடிதத்தைத் தேடிப் படியுங்கள் தோழர்களே. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன், தேறிவிட்டதாக நடிக்காமல் நண்பனிடம் பேசுகிறார்.

சென்ற மாதம் சிலர் சேர்ந்து பொத்தூர் போனோம். அண்ணனோடு நெடுநாள் பழகிய ஒருவரும் வந்தார். வழக்கு பற்றிக் கேட்கத்தான் எங்களில் இருவர் நோட்டு கொண்டு போயிருந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார், கொஞ்ச நேரத்தில் தானாகப் பேச ஆரம்பித்தார். கட்சி இல்லை, வழக்கு இல்லை, இரண்டு பேர் சின்ன வயதில் ஊர் சுற்றிய கதை. இடையில் சிரித்தார், பிறகு சத்தமாக அழுதார். அந்தக் கதையை இங்கே எழுதப் போவதில்லை, அது அவருடையது. நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். பஸ்ஸைத் தவறவிட்டு, ஆவடிவரை ஷேர் ஆட்டோவில்தான் வந்தோம்.