சீனி இல்லாம ஒரு டீ

மாசத்துல 15 நாள் நான் வீட்டுல இருக்க மாட்டேன். ஆப்செட் மெஷின் சர்வீஸ் பண்றது நம்ம பொழப்பு. சிவகாசி, மதுரை, கோவை, நெல்லைன்னு ரயிலும் பஸ்ஸுமா ஓடிட்டே இருக்கும். 2018-ல சுகர்னு தெரிஞ்சுது. மூணு மாச சராசரி, அதாங்க ஹெச்பிஏ1சி, 9.2. டாக்டர் பேப்பரைப் பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "ஊர் சுத்துற வேலையா?"

எங்கப்பாவுக்கும் சுகர். கால்ல ஆணி குத்தினது அவருக்கு ரெண்டு நாள் தெரியவே இல்லை. கடைசில ரெண்டு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு. நான் நாள் பூரா நின்னுட்டு மெஷினைக் கழட்டி மாட்டுற ஆளு. கால் போனா சோறு போச்சு. அதனால 'வெளியூர்ல எங்கங்க பத்தியம் இருக்கறது' அப்படிங்கற டயலாக்கை அன்னிக்கே மூட்டை கட்டியாச்சு.

முதல்ல டீ. கேக்க ஈஸியா இருக்கும், ஆனா பெரும் போராட்டம். தெக்கத்திப் பக்கம் 'சீனி இல்லாம'ன்னு சொல்லணும். 'சீனி கம்மி'ன்னு சொன்னீங்கன்னா மாஸ்டர் அகராதியில அதுக்கு ஒன்றரை ஸ்பூன்னு அர்த்தம். இல்லாமன்னே சொன்னாலும், "லேசா போடவாண்ணே?"ன்னு ஒரு பரிதாபப் பார்வை வரும். அசையப்படாது. ஒரு நாளைக்கு 5 டீ குடிக்கற பொழப்புல இந்த ஒரு வார்த்தையில மட்டும் 10 ஸ்பூன் சீனி மிச்சம்.

காலையில ரெண்டு இட்லி, சாம்பார், கூட ரெண்டு அவிச்ச முட்டை. பொங்கல் பக்கமே திரும்பறதில்லை. மதியம் மீல்ஸ்ல உக்காந்ததும் சப்ளையர் சோத்தை மலை மாதிரி கொட்டறதுக்கு முன்னாடியே கையைக் காட்டிடுவேன். கூட்டு, பொரியல், கீரை, மீன் இருந்தா அதுவும் முதல்ல உள்ள போகும். கடைசியிலதான் ஒரு கரண்டி சோறு. காயும் புரதமும் முதல்ல போனா அதே சோத்துக்கே சுகர் ஏறுற வேகம் குறையும். இது யாரோ சொல்லி நான் நம்பினதில்லை, குளுக்கோமீட்டர்ல விரலைக் குத்தி நானே பாத்தது. ராகிக் கூழும் அப்படித்தான். 'சுகருக்கு நல்லது'ன்னு ரோட்டோரம் போர்டு வச்சிருப்பாங்க. ஒரு பெரிய சொம்புக் கூழைக் குடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு குத்திப் பாருங்க, தெரியும்.

கையில எப்பவும் வறுத்த கடலை, வெள்ளரிப்பிஞ்சு, ரெண்டு கொய்யா. நெடுஞ்சாலை மோட்டல்ல பஸ் நிக்கறப்போ அங்க இருக்கற ஆறிப்போன பரோட்டாவுக்கு இதுவே ராஜபோகம்.

இதுல ரொம்பக் கஷ்டமானது ஓட்டல் இல்லைங்க, அன்பு. சிவகாசியில ஒரு பிரஸ் அண்ணாச்சி. மெஷின் ஓட ஆரம்பிச்சதும் பால்கோவா டப்பாவைத் திறந்து நீட்டுவார். ஸ்ரீவில்லிபுத்தூர் அங்கேருந்து கூப்பிடு தூரம். "சுகருங்க அண்ணாச்சி"ன்னேன். "எனக்கும்தான் இருக்கு, எடுங்க தம்பி!" இதுக்கு என்ன பதில் சொல்றது? இப்போ டப்பாவோட வாங்கிக்கறேன், "வீட்டுல பிள்ளைங்களுக்கு"ன்னு. அவருக்கும் சந்தோஷம், பிள்ளைகளுக்கும் சந்தோஷம். நான் மட்டும் ராத்திரி முழுக்க பொதிகை எக்ஸ்பிரஸ்ல அந்த டப்பாவைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு தவம்.

நடைக்கு வருவோம். ஜிம் இருக்கற லாட்ஜெல்லாம் நம்ம பேட்டாவுக்குக் கட்டுபடி ஆகாது. ஆனா ரயில்வே பிளாட்பாரம் இருக்கே! ஒரு எல்ஹெச்பி பெட்டி சுமார் 23.5 மீட்டர். 22 பெட்டின்னா 500 மீட்டருக்கு மேல. ஒரு தடவை போய்ட்டு வந்தா ஒரு கிலோமீட்டர். வண்டிக்கு அரை மணி முன்னாடி போய், பையை முதுகுல மாட்டிக்கிட்டு ரெண்டு சுத்து. வழியனுப்ப வந்தவங்க 'இந்தாளு கோச்சைத் தொலைச்சுட்டார் போல'ன்னு பாப்பாங்க, பாத்துட்டுப் போகட்டும். கோவைன்னா விடிகாலை ரேஸ்கோர்ஸ், மதுரைன்னா வண்டியூர் தெப்பக்குளம். தெப்பக்குளத்தை ஒரு சுத்து வந்தாலே ஒரு கிலோமீட்டர் தாண்டிடும். சாப்பிட்ட உடனே படுக்காம 10 நிமிஷம் நடந்தாலே மீட்டர்ல வித்தியாசம் தெரியுது. எங்க போனாலும் ஷூ, அதுக்குள்ள சாக்ஸ். லாட்ஜ் ரூமுக்குள்ள கூட செருப்பு. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உள்ளங்காலை செல்ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்துப் பாத்துடுவேன். செல்ஃபி எடுக்கற வயசுல காலை எடுக்கறேன், என்ன செய்ய.

2022-ல நடந்த ஒண்ணைச் சொல்லியே ஆகணும். மதுரையிலேருந்து நெல்லைக்கு பஸ். சாத்தூர் தாண்டி டயர் பஞ்சர். பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர், கோவில்பட்டியில இறங்கி சாப்பிடறதாத் திட்டம் போட்டு மாத்திரையை முன்னாடியே போட்டுட்டார். ஸ்டெப்னி மாத்த ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அவருக்கு சட்டை தொப்பலா வேர்த்து, கை நடுங்குது. "என்னங்கய்யா பண்ணுது?"ன்னா சம்பந்தமில்லாம ஏதோ பதில் சொல்றார். பின் சீட்டுல யாரோ "சரக்கு போட்டிருப்பார்"னு சிரிச்சாங்க. எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. இது லோ சுகர். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கற மாத்திரைகள் உண்டு. அதைப் போட்டுட்டு சாப்பிடலைன்னா சுகர் தரைக்குப் போயிடும். நல்லவேளை, நினைவு இருந்துச்சு, முழுங்க முடிஞ்சுது. பையில இருந்த குளுக்கோஸ் பொடியைத் தண்ணியில கரைச்சுக் கொடுத்தேன். அதுக்குள்ள ஒரு அம்மா பாசமா கடலைமிட்டாயை நீட்டினாங்க. அதுல கொழுப்பு இருக்கு, சர்க்கரை மெதுவாத்தான் ஏறும், அப்புறமாக் கொடுக்கலாம்னு வாங்கி வச்சுக்கிட்டேன். கால் மணி நேரத்துல அவரு நிமிர்ந்து உக்காந்து, "எந்த ஊரு தாண்டுறோம் தம்பி?"ன்னார். பஸ் அப்பவும் அதே இடத்துலதான் நின்னுட்டிருந்துச்சு. கடலைமிட்டாயை அப்போதான் கையில கொடுத்தேன். கோவில்பட்டியில அவர் பையன் வந்து இறக்கிக் கூட்டிட்டுப் போற வரைக்கும் என் முழங்கையைப் பிடிச்ச பிடியை அவர் விடலை.

நானும் அதே வகை மாத்திரைதான் போடறேன். இலையில சாப்பாடு விழுறதைக் கண்ணால பாத்தப்புறம்தான் ஸ்ட்ரிப்பைப் பிரிப்பேன், ஆரம்பத்துலேருந்தே. அன்னிக்கு அப்புறம் சட்டைப்பையில ஒரு சீட்டும் வச்சிருக்கேன்: பேர், மாத்திரை விவரம், வீட்டு நம்பர், 'உளறினா குடிச்சிருக்கேன்னு நினைக்காதீங்க. நினைவு இருந்தா மட்டும் சர்க்கரைத் தண்ணி கொடுங்க. நினைவு இல்லைன்னா வாயில எதையும் ஊத்தாம 108-ஐக் கூப்பிடுங்க.' இன்சுலின் ஊசி, மாத்திரைன்னு ஊர் சுத்தற மக்கள் யாராச்சும் இருந்தீங்கன்னா இன்னிக்கே ஒண்ணு எழுதி வச்சுடுங்க, ப்ளீஸ்.

போன மாச ஹெச்பிஏ1சி 6.8. வர்ற வியாழன் மறுபடி சிவகாசி. அண்ணாச்சிகிட்டே சுகர் எவ்வளவுன்னு கேட்டேன், "அதெல்லாம் பாக்கறதில்ல தம்பி"ன்னார். இந்த வாட்டி குளுக்கோமீட்டரை எடுத்துட்டுப் போறேன். பால்கோவா டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி அவர் விரலைப் பிடிக்கணும்.

பி.கு: விருதுநகர் பொரிச்ச பரோட்டாவை விட்டுட்டீங்களான்னு கேக்காதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை, லேப்ல ரத்தம் கொடுத்த அன்னிக்கு, ஒண்ணே ஒண்ணு. ஹி ஹி.